அவசர வழி

அடி அண்ணாமலை
8.1.1998

தம்பி சக்கரவர்த்திக்கு அக்கா பச்சையம்மாள் எழுதிக்கொண்டது.

நான் எழுந்து நடமாடுகிறேன். மாடு ஒருவேளைதான் கறக்கிறது. நீயும் ஆதிலட்சுமியும் சென்னைத் தண்ணீருக்குப் பழகிவிட்டீர்களா? உனக்குத் தலைசுற்றல் குறைந்ததா?

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். இதுவரை நான் சொல்லச் சொல்ல அருணாதான் எழுதுவாள். நான் சொல்லாததையும் நாலு வரி சேர்த்துவிடுவாள். "மாமா, அம்மா சாப்பிடுறதே இல்ல, வந்து ரெண்டு போடு போடுங்க"னு எழுதினாளே, அது அவளே எழுதியது. இனி நான்தான் எழுதவேண்டும்.

நீ பதினாறாம் நாள் காரியம் முடித்துக் கிளம்பிய மறுவாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்வதற்கு முன்பே என் மகள் உயிர் போய்விட்டது என்றேன். விசாரணை ஐயா "நல்லா ஞாபகம் இருக்கா?"னு இரண்டு முறை கேட்டார். இருக்குதுங்க என்றேன். உயிர் இருந்தது என்று சொன்னால் கேஸ் ஆகிவிடும், புதைத்தவளைத் தோண்டி எடுத்து அறுப்பார்கள் என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. கல்யாணம் ஆகாத பிள்ளை. அவள் மேல் கத்தி படக்கூடாது. அதற்காக எந்தப் பொய்யும் சொல்லலாம்.

ஆனால் உனக்குத் தெரியும் அல்லவா தம்பி. ராமதாஸ் எஸ்.டி.டி. கடையிலிருந்து நான்தான் பேசினேன். திருவிழா ஆபீசில் நீதான் எடுத்தாய். "அக்கா, வண்டி கிளம்பிடுச்சு, வந்துட்டே இருக்கு"னு சொன்னாய். ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு அதையே சொன்னேன். சைரன் சத்தம்கூட ஒருதரம் கேட்டது. "வருது பாரு கண்ணு"னு சொன்னேன். அவள் தலையாட்டினாள். அப்புறம் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

ஒவ்வொரு தீபத்துக்கும் அவளைச் செங்கத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இழுப்பு நோய்க்காரிக்குக் கற்பூரப் புகையும் கிரிவலக் கூட்டத்துப் புழுதியும் ஆகாது. இந்த வருஷம்தான் அனுப்பவில்லை. நீ புயல், வெள்ளம், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அதிகாரியாக வந்திருந்தாய். ஊரில் உன்னை ஆபத்து ஆபீசர் என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை. நம் காப்பிக் கடைத் தரையிலே சாக்பீஸால் கோடு போட்டு அவளுக்குக் காட்டினாயே. எல்லா ரோடும் அடைத்துவிடுவோம், வயல் பக்கமாக இந்த ஒரு வழி மட்டும் மூங்கில் கட்டி வைத்திருப்போம், போலீஸ் ஜீப்புகூட இதில் வராது, ஆம்புலன்ஸ் மட்டும்தான். "உனக்கு மூச்சு முட்டுனா கூப்பிடு, மாமா இருக்கேன்"னு சொன்னாய்.

அந்த வழியில் வண்டி ஏன் வரவில்லை? அதை மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
பச்சையம்மாள்


சென்னை
21.1.1998

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மனம் கலங்கிவிட்டது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். புதிய பதவியில் பொறுப்பு அதிகம். மாநிலம் முழுவதற்குமான வெள்ளத் தடுப்புக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதவேண்டியிருப்பதால் பொங்கலுக்கு வர முடியவில்லை.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். அன்று அடி அண்ணாமலைப் பகுதிக்கு ஒதுக்கியிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேணு, நிற்கவேண்டிய பள்ளிக்கூட மைதானத்தில் இல்லை. பொறுப்பற்றவன். அவனை வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது. இதைவிட என்ன செய்ய முடியும்? இலட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் இடத்தில் எவ்வளவு திட்டமிட்டாலும் ஒருவன் செய்யும் தவறு எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது.

விசாரணை முடிந்துவிட்டது. இனி அதைப்பற்றி யாரிடமும் பேசவேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் சுக்குக் காப்பி குடிக்காதே.

உன் அன்புத் தம்பி
சக்கரவர்த்தி


அடி அண்ணாமலை
17.2.1998

தம்பிக்கு,

இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உனக்குச் சுகம்தானே?

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து வேணு என்ற பெயரைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை. ஊரில் விசாரித்தேன். அவன் பெண்டாட்டி சந்திரம்மாள், ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் கூடை வைத்துப் பூ விற்கிறாள் என்று சொன்னார்கள். போனேன். வெள்ளைக்காரர்கள் இரண்டுபேர் பூ வாங்கிக்கொண்டு இருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. ரோட்டுமண்ணை இரண்டு கையாலும் வாரி அவள்மேலும் பூக்கூடைமேலும் தூற்றினேன். உன் வீடு வெளங்குமாடி, என் பொண்ணு மூச்சு உன் புருஷனச் சும்மா விடுமானு கத்தினேன்.

அவள் திருப்பி ஒன்றும் பேசமாட்டாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "தூத்தும்மா. இன்னும் நல்லா தூத்து. ஆனா உன் தம்பிய ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து தூத்து. அவரு போகச் சொன்ன எடத்துக்குத்தான் எங்காளு போனாரு"னு சொன்னாள்.

எங்கே போகச் சொன்னாய்?

அவள் பூவெல்லாம் மண்ணாகிவிட்டது. அதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஆனால் என் வயிற்றெரிச்சல் அப்படி.

ஆதிலட்சுமிக்கு என் ஆசி.

அக்கா
பச்சையம்மாள்


சென்னை
10.3.1998

அன்பு அக்கா,

நலம். அவசரத்தில் எழுதுகிறேன்.

நீ அங்கே போனது தவறு. வேலை போனவர்கள் யார்மீதாவது பழி போடுவார்கள். அவர்களிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே. நீ கொடுத்த வாக்குமூலத்துக்கு மாறாக ஏதாவது வாய்தவறிப் பேசினால் கேஸ் ஆகித் தோண்ட வேண்டிவரும். அருணாவை நினைத்துக்கொள்.

ஓய்வெடு.

தம்பி
சக்கரவர்த்தி


அடி அண்ணாமலை
19.4.1998

தம்பி சக்கரவர்த்திக்கு,

மாடு கன்று போட்டிருக்கிறது. கிடேரி. அருணா இருந்தால் பெயர் வைத்திருப்பாள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பங்குனிப் பௌர்ணமிக்குக் கூட்டம் போனபிறகு கடையில் டம்ளர் கழுவிக்கொண்டு இருந்தேன். சந்திரம்மாள் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் கரண்டியை எடுத்துக்கொண்டேன்.

"கரண்டிய வைய்யி. ஒரு காப்பி குடு. காசு குடுத்துத்தான் குடிப்பேன்"னு உட்கார்ந்தாள்.

குடித்துவிட்டு, "எங்காளு குடிகாரன்னு எழுதிட்டாங்க. தீபத்தன்னிக்கு அவரு விரதம். பச்சத் தண்ணி பல்லுல படல. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்"னு சொன்னாள்.

"அப்ப வண்டி எங்க போச்சு?"

"கெஸ்ட் அவுசுக்கு. பெரிய எடத்து அம்மா ஒருத்தங்க, பேரப்புள்ளைங்களோட வந்திருந்தாங்களாம். காரு உள்ள போவ முடியாது. அவசர வழில ஆம்புலன்ச மட்டுந்தானே விடுவாங்க? அதனால அவங்கள அதுல ஏத்திக் கோயிலாண்ட எறக்கி வுடச் சொன்னது உன் தம்பி. இவரு, 'சார், அடி அண்ணாமலையில வண்டி இல்லாம போயிடும் சார்'னு சொல்லியிருக்காரு. 'போய்ட்டு வாய்யா, அங்க எங்க அக்கா வீடே இருக்குது, எனக்குத் தெரியாதா'னு சொன்னாராம்."

அவளே சொல்லிக்கொண்டு போனாள். சைரன் போட்டுக்கொண்டு போகச் சொன்னார்களாம். ஜனங்கள் யாருக்கோ உயிர் போகிறது என்று ஒதுங்கி வழிவிட்டு, அண்ணாமலையாரே காப்பாத்துப்பானு கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். உள்ளே ஆள் படுக்கிற பலகையில் பிள்ளைகள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு இருந்தார்களாம். இறக்கிவிட்ட பிறகு அந்த அம்மா தீபம் பார்த்துவிட்டு வரும்வரை அங்கேயே நிற்கச் சொன்னார்களாம்.

தம்பி, அந்தச் சைரன் சத்தத்தைத்தான் நான் கேட்டேன். அதைக் கேட்டுத்தான் வருது பாரு கண்ணு என்று அவளிடம் சொன்னேன்.

சந்திரம்மாள் பொய் சொல்கிறாள் என்று எழுது, நம்பிவிடுகிறேன். நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். பொய்யா, நிஜமா?

பச்சையம்மாள்


அடி அண்ணாமலை
2.6.1998

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. நான் ஏப்ரலில் எழுதிய கடிதம் வந்ததா? தபால்காரர் தொலைந்திருக்காது என்கிறார். இந்தக் கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் இதில் எதுவும் எழுதவில்லை. பதில் எழுது.

பச்சையம்மாள்


சென்னை
5.7.1998

அண்ணிக்கு ஆதிலட்சுமி வணக்கம்.

உங்கள் தம்பி நலமாக இல்லை. பிரஷர் மாத்திரை ஜாஸ்தி ஆகிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்தால் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. அதனால்தான் அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது. உங்கள் காலும் கையும் சௌக்கியமா?

நீங்கள் அவரைக் குற்றவாளிபோலக் கேட்கிறீர்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் அண்ணி. அவ்வளவு பெரிய இடத்து அம்மா தீபம் பார்க்கவேண்டும் என்று கேட்டால் எந்த அதிகாரியால் முடியாது என்று சொல்ல முடியும்? போய்விட்டு உடனே வண்டி திரும்பிவிடும் என்றுதான் இவர் நினைத்தார். நீங்கள் போன் செய்தபோது நிஜத்தைச் சொன்னால் நீங்கள் பயந்துபோவீர்கள் என்று, வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டார். உங்களை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். சென்னை வேலை கிடைத்ததும் அதனால்தான் என்று ஊரில் பேசுகிறார்களாம். கிடைத்த வேலையை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

அருணா எனக்கும் பெண்போலத்தான். எங்களுக்கும் பிள்ளை இல்லை. போனவள் திரும்ப வரமாட்டாள். இருக்கிறவரையாவது காப்பாற்றுங்கள்.

ஆதிலட்சுமி


அடி அண்ணாமலை
20.7.1998

ஆதிலட்சுமிக்கு,

கை கால் நன்றாக இருக்கிறது. நீயும் சுகமாக இரு.

உன் புருஷனிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு நீ பதில் எழுதிவிட்டாய். மனசு நிறைய உனக்கு நன்றி சொல்கிறேன், கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் நிஜம் பேசவில்லை. நீ தெரியாமல் பேசிவிட்டாய்.

போன வாரம் அருணாவுக்கு எப்போதும் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனேன். எனக்கும் கொஞ்சம் மூச்சு அடைக்கிறது. போன இடத்தில் கேட்டேன், அம்மா, நான் போன் பண்ணினப்போ என் பொண்ணு உயிரோட இருந்தாள்னு நான் சொன்னால் தோண்டி அறுத்துடுவாங்களா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது? பத்து வருஷமா நான் வைத்தியம் பார்த்த பொண்ணு. எதனால போனான்னு நானே சர்டிபிகேட் எழுதிக் குடுத்திருக்கேன். அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. எதுக்குத் தோண்டப் போறாங்க?"

யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அவளைப் புதைத்த இடத்தில் தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். என் வாயில் பொய்யைப் போட, அவள் உடம்பைக் காட்டி என்னைப் பயமுறுத்தினானே. வண்டியை அனுப்பாததைக்கூட அந்த நேரத்துப் புத்தி என்று ஒரு நாள் மறப்பேனோ என்னவோ. இது அவன் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. பதினாறு நாள் என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே யோசித்திருக்கிறான்.

அவன் மாத்திரையை மறக்காமல் போடச்சொல்.

பச்சையம்மாள்


சென்னை
14.11.1998

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. நீண்ட நாள் எழுதாததற்குப் பணிச்சுமைதான் காரணம்.

கார்த்திகை வருகிறது. எந்த வருஷமும் உனக்குச் சீர் தவறியதில்லை. ஆபீஸ் ஜீப்பில் வருகிற பையனிடம் புடவை, பொரி, வெல்லம், அகல்விளக்கு எல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சைக் கரை போட்ட புடவை. ஆதிலட்சுமி தேடி எடுத்தாள். தீபத்துக்கு முன்னால் கட்டிக்கொள்.

இன்னொரு செய்தி. வேணு மனுப் போட்டிருக்கிறான். அதனால் புது அதிகாரி ஒருவர் மறு விசாரணை நடத்துகிறார். வேங்கிக்கால் ஆபீசுக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். நீ புதிதாக எதுவும் சொல்லவேண்டாம். முதலில் சொன்னதையே சொன்னால் போதும், போன் செய்வதற்கு முன்பே போய்விட்டாள் என்று. அப்படியானால் வண்டி எங்கே இருந்தது என்ற கேள்வியே எழாது. மாற்றிச் சொன்னால் என் வேலை போகும். ஓய்வூதியமும் போகலாம். என்னைப் படிக்கவைக்க நீ களை எடுத்தாய். நீயே அதை அழிக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

பழைய பேச்சை நேரில் பேசிக்கொள்ளலாம். விசாரணை முடிந்ததும் வந்து உன் காலில் விழுகிறேன்.

உன் தம்பி
சக்கரவர்த்தி


அடி அண்ணாமலை
29.11.1998

உயர்திரு அதிகாரி சக்கரவர்த்தி அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

அதே பையனிடம் புடவையும் விளக்கும் வெல்லமும் திருப்பி அனுப்புகிறேன். பொரி நமுத்துவிட்டது, அதைக் கன்றுக்குட்டிக்குப் போட்டுவிட்டேன். கணக்கில் குறைகிறதே என்று பையனைத் திட்டவேண்டாம்.

விசாரணைக்குப் போவதற்கு முந்தின நாள் சந்திரம்மாள் வீட்டுக்குப் போனேன். வேணு கட்டிலில் உட்கார்ந்து நாரில் பூக் கட்டிக்கொண்டு இருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டின கை, பூ நசுங்கிப் போகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் சந்திரம்மாளிடம், "உன் மேல மண்ணு தூத்தினதுக்கு இன்னா பண்ணணும்னு சொல்லு"னு கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேணாம், உள்ள வந்து உக்காரு. நாளிக்கு ஒழுங்கா பேசு"னு சொன்னாள். உட்கார்ந்தேன். கஞ்சி கொடுத்தாள். பதினோரு மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன், அடுத்தவர் வாயால் உங்களுக்குத் தெரியவேண்டாம்.

மலைமேல் தீபம் ஏறும் நேரம் நெருங்கினபோது ஜனங்கள் அரோகரா போட்டார்கள். கடைக்கு எதிரே கற்பூரம் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் புகையில்தான் அவளுக்கு இழுப்பு வந்தது. மருந்து அடித்தும் நிற்கவில்லை. நான் ராமதாஸ் கடைக்கு ஓடிப் போன் செய்தேன். வண்டி கிளம்பிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் இல்லை என்று சொல்லியிருந்தால், கூட்டத்தில் நாலு ஆளைக் கும்பிட்டுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ராமதாசும் வரத் தயாராகத்தான் நின்றார். "வண்டி வருதுங்க, அசைக்க வேணாம்"னு நான்தான் தடுத்தேன். உங்கள் பேச்சை நம்பித் தடுத்தேன். ஜனங்கள் கிரிவலம் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், அவள் என் மடியிலேயே இருந்தாள். ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் வழியைப் பார்த்தாள். "மாமா வண்டி..." என்றாள். அதற்குமேல் வரவில்லை.

முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். தோண்டி எடுத்து அறுப்பார்கள் என்று பயந்தேன் என்றேன். யார் பயமுறுத்தியது என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியாகப் புது ஐயா, "அந்த அதிகாரி உங்களுக்கு இன்னா உறவும்மா?"னு கேட்டார்.

"அவரு ஆபத்து ஆபீசருங்க. நான் ஆபத்துல போன் பண்ணவ. அவ்ளோதாங்க"னு சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் வேலை போகுமோ இருக்குமோ எனக்குத் தெரியாது. போனால் எனக்குச் சந்தோஷம் என்று நினைக்கவேண்டாம். களை எடுத்த கை இன்னும் இருக்கிறது, எனக்கும் வலிக்கும்.

நாளை மறுநாளுக்கு மறுநாள் தீபம். மூங்கில் கட்டிவிட்டார்கள். நீங்கள் அன்றைக்குச் சாக்பீஸால் போட்ட அதே வழிதான். இந்த வருஷம் என் காப்பிக் கடையை அந்த வழி வாயிலேயே போடுகிறேன். புது ஆபீசரிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். சந்திரம்மாளும் கூடையோடு பக்கத்தில் உட்காருகிறாள். சைரன் போட்டுக்கொண்டு எந்த வண்டி வந்தாலும் நான் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
அருணாதேவியின் அம்மா
பச்சையம்மாள்